எங்களுக்கென்று எடுத்த அறை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு வந்த கோடை அது. அரியலூருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டிய பெரிய மைதானத்தில் கார்னிவல் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அதற்குமுன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எஞ்சின் வைத்துச் சுற்றும் ராட்டினம், மரக்குதிரைகள், ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடிக் கொட்டகை, பலகையால் கட்டிய கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற ஒருவன் என்று, பெரம்பலூர் சந்தைக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் அதையே பேசினார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க முடியாது, அதனால் மைதானத்துக்குள்ளேயே தங்கவும் இடம் கட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள்.

எனக்கு ராட்டினத்தைவிட அந்தத் தங்கும் இடம்தான் மனதில் நின்றது. காரணம் என் அக்கா.

அக்காவைத் திருச்சியில் கொடுத்திருந்தது. என்னைப் பெரம்பலூருக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். என் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. பிறந்த வீடு சித்தப்பா கைக்குப் போனது. அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய் உட்கார ஒரு வீடு கிடையாது. கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொள்வோம். கூட்டத்துக்கு நடுவே சாப்பிட்டாயா, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்குள் யாராவது ஒருத்தியை அடுப்படிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அவள் வீட்டுக்கு நான் போனால் அவள் மாமியார் இருக்கிறாள். என் வீட்டுக்கு அவள் வந்தால் என் மாமியார் இருக்கிறார். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியாது.

அந்தக் கோடையில் உறவில் ஒரு காதுகுத்துக்கு வந்திருந்தபோது அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்: "ரெண்டு பேரும் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அரியலூருல போயி ரெண்டு நாள் தங்கலாம்டி. அது யாரு வூடும் இல்ல. நம்மள யாரும் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க."

யாருடைய வீடும் இல்லாத ஓர் இடம். அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேலை எதிலும் கை ஓடவில்லை.

என் கணவர் சந்தையிலிருந்து கார்னிவல் நோட்டீஸ் ஒன்றை வாங்கி வந்தார். ரோஸ் காகிதம். சாப்பிட்டு முடித்து விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினார். ரயிலைப் போலவே தங்குவதற்கும் மூன்று வகுப்பு வைத்திருந்தார்கள். முதல் வகுப்பு, ஓடு போட்ட கட்டடத்தில் அறை. இரும்புக் கட்டில், மெத்தை, இலை போட்டுச் சாப்பாடு. அதோடு, அங்கே தங்குகிறவர்கள் எந்த ஆட்டத்துக்கும் வரிசையில் நிற்க வேண்டாம், தனி வழி உண்டு. இரண்டாம் வகுப்பு, கீற்றுத் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். பாய்தான். ஆனால் கதவும் தாழ்ப்பாளும் உண்டு. மூன்றாம் வகுப்பு பொதுக் கொட்டகை. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பாயை நாமே கொண்டுபோக வேண்டும்.

"மூன்று வகுப்பினரும் ஒரே ராட்டினத்தில் சுற்றலாம்" என்று நோட்டீஸின் அடியில் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் சிரித்தார்.

முதல் வகுப்பைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அது எங்களுக்கு எட்டாது. மூன்றாவதே போதும், இரண்டு ராத்திரிதானே என்றார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. இளைப்பு உள்ள பிள்ளை. குளிர்ந்த காற்றோ தூசியோ பட்டால் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். திறந்த கொட்டகையில் அவளை எப்படிப் படுக்கவைப்பது என்று கேட்டேன். கதவு என்று ஒன்று இருந்தால் அக்காவும் நானும் சாத்திக்கொண்டு பேசலாமே என்பதை நான் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும். கொஞ்ச நேரம் நோட்டீஸை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தவர், சரி, இரண்டாவதே எடுத்துக்கொள்வோம் என்றார். அந்த வருஷம் அவர் வாங்குவதாக இருந்த புது வேட்டிகளை வாங்கவில்லை.

அக்கா வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவைக் கட்டியபோது அவர் ஒரு லாரியில் டிரைவராக இருந்தார். என் கணவர் வாத்தியார். இரண்டு பேருக்கும் வருமானம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவரை ஒருவர் சகலை சகலை என்று தோளில் கைபோட்டுக்கொண்டு திரிந்தார்கள். யுத்தம் வந்தது. மாமா சொந்தமாக லாரி ஓட்ட உரிமம் கேட்டு மனு போட்டார். அந்த மனுவை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது என் கணவர். உரிமம் வந்தது, லாரி வந்தது, ஒன்று மூன்றானது. மாமா அதை மறக்கிற ஆள் இல்லை. எந்த வீட்டு விசேஷத்திலும் நாலு பேர் நடுவில், சகலை எழுதிக் கொடுத்த மனுவால்தான் நான் இன்றைக்கு இப்படி இருக்கிறேன் என்று சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் என் கணவர் தரையைப் பார்ப்பார்.

நாங்கள் பெரம்பலூர் வந்து அரியலூர் பஸ் பிடித்தோம். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். மகள் புகைக்கு இருமுவாளோ என்று அவள் மூக்கை என் முந்தானையால் பொத்திக்கொண்டே வந்தேன். மைதானத்தின் வாசலில் போய் இறங்கியபோது அக்கா எங்களுக்கு முன்னாலேயே ரயிலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். கூட அவள் மகள். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே வயசு. பார்த்த உடனே கையைக் கோத்துக்கொண்டு குதிரை எங்கே குதிரை எங்கே என்று கேட்டார்கள். அக்கா என் மூட்டையைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மூட்டையில் இருந்த எண்ணெய்த் தூக்கு அதில் படுமே என்று நான் பதறினேன், அவள் கேட்கவில்லை.

தங்குவதற்குச் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் கூட்டம் நின்றது. என் கணவர் வரிசையில் போய் நின்றார். கையில் பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, இரண்டாம் வகுப்பில் ஓர் அறை என்று கேட்க வாயைத் திறந்தார். மாமா பக்கவாட்டிலிருந்து வந்து அந்தக் கையை அப்படியே மூடினார்.

"நீ சும்மா இரு சகலை. ஓட்டுக் கட்டடத்துல ரெண்டு ரூம் அடுத்தடுத்து எடுத்துட்டேன். எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னது சத்தமாகத்தான் சொன்னார். அவருக்கு எப்போதுமே பெரிய குரல். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தூர் வாத்தியார் ஒருவரும் அந்த வரிசையில் இருந்தார்.

என் கணவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். சிரித்தபடியே, வேண்டாம் சகலை, நாங்கள் இரண்டாவதில் தங்குவதாக முடிவு பண்ணி வந்திருக்கிறோம் என்றார். மாமா விடவில்லை. பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளைக்கு இளைப்பு, கீற்றுக் கொட்டகையில் எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். எல்லாமே நியாயம்தான். அவர் ஒவ்வொரு நியாயம் சொல்லும்போதும் என் கணவரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இந்த ஏற்பாடு அவளுக்கும் அப்போதுதான் தெரியும் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

இவர் திரும்பி இரண்டாம் வகுப்பு கேட்டார். சீட்டுக் கொடுக்கிறவன் அது கொஞ்சம் முன்னால்தான் நிறைந்துவிட்டது என்றான். நடந்த பேச்சில் எங்கள் முறை தள்ளிப் போயிருந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு குடும்பம் கடைசி அறையை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

அந்த இடத்தில் அவர் ஒரு நிமிஷம் நின்றார். இப்போது மாமாவிடம் போய், சரி, அந்த அறையிலேயே இருக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அவரால் சொல்ல முடியவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை. நான் வாயைத் திறந்தால் அத்தனை பேருக்கு முன்னால் புருஷனை விட்டுக்கொடுத்தது போல் ஆகும். மூன்றாம் வகுப்புக்குப் பணம் கட்டி எங்களுக்கு வெள்ளை அட்டை வாங்கி வந்தார். மார்பில் குத்திக்கொள்கிற அட்டை. அக்காவும் அவள் மகளும் சிவப்பு அட்டை குத்தியிருந்தார்கள்.

கொட்டகை ஒன்றும் மோசமில்லை என்றுதான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெண்கள் பக்கத்தில் ஆண்டிமடம் பக்கத்திலிருந்து வந்த பெரிய குடும்பம் ஒன்று இருந்தது. எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். வறுத்த முந்திரி தந்தார்கள். தரையில் வைக்கோல் பரப்பியிருந்தது. அதன் தூசிதான் எனக்குப் பயம். மகளை என் மடியிலேயே போட்டுத் தூங்கவைத்தேன்.

அந்தக் கார்னிவலில் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குதிரையில்கூட ஏறவில்லை. சிவப்பு அட்டைக்கு ஒரு வழி, வெள்ளைக்கு ஒரு வழி. அக்கா மகள் போன உடனே ஏறிச் சுற்றி இறங்கி வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். என் மகள் வரிசையில் வெயிலில் நின்றுகொண்டிருப்பாள். அக்கா தன் மகளை எங்கள் வரிசைக்குக் கூட்டி வந்தாள். வழியில் நின்ற ஆள் விடவில்லை. அவர்கள் இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கத்துச் சலுகை போய்விடும் என்று பணிவாகத்தான் சொன்னான். பிள்ளைகள் அழவில்லை. கயிற்றுக்கு மேலே கையை நீட்டித் தொட்டுத் தொட்டு விளையாடினார்கள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் தாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அக்கா எங்கள் கொட்டகைக்கு வந்துவிட்டாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு என் பாயில் என் பக்கத்தில் படுத்தாள். "அங்க எனக்குத் தூக்கமே வரலடி. பக்கத்து ரூம் பூட்டியே கெடக்குது. அதப் பாத்துக்கிட்டு எப்படிப் படுக்கறது" என்றாள். எங்களுக்கென்று எடுத்த அறை. மாமா அதன் சாவியை அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தார். அவள் அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். சின்ன வயசில் படுப்பதுபோல் அவள் காலை என் கால்மேல் போட்டுக்கொண்டு அப்படியே கண் அசந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாமா ஆள் அனுப்பினார், சாப்பாட்டு இலை ஆறுகிறது என்று. அக்கா எழுந்து புடவையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினாள். கொட்டகை வாசலில் மாமாவே நின்றுகொண்டிருந்தார். கோபமாக இல்லை. அடிபட்டவர் மாதிரி இருந்தார். "நான் என்னம்மா தப்புப் பண்ணுனேன்?" என்று என்னைக் கேட்டார். ஒரு தப்பும் இல்லை மாமா என்றேன். அதுவும் அவருக்குச் சமாதானமாக இல்லை.

அன்று சாயங்காலத்துக்கு முன்னால் மழை பிடித்தது. கோடை மழைதான். ஆனால் காற்றோடு வந்தது. கண்ணாடிக் கொட்டகையின் துணி பிய்த்துக்கொண்டு பறந்ததைப் பார்த்தேன். ராட்டினத்தை நிறுத்தி ஆட்களை அவசர அவசரமாக இறக்கினார்கள். எங்கள் கொட்டகையில் ஒரு பக்கத்துக் கீற்று சரிந்தது. தண்ணீர் வைக்கோலுக்கு அடியில் ஓடி வந்தது. மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லாரும் நின்றோம். கரிசல் மண் காலைப் பிடித்து இழுத்தது. மகள் இரண்டு தடவை இருமினாள். அப்புறம் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. அவளைச் சுற்றியிருந்த துணி எல்லாம் நனைந்திருந்தது. காயவைக்க இடமும் இல்லை, மாற்றக் காய்ந்த துணியும் இல்லை.

ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவர் வந்தார். பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். எங்கே போகிறோம் என்று எனக்குப் புரிந்தது. பின்னாலேயே ஓடினேன்.

ஓட்டுக் கட்டடத்துத் தாழ்வாரத்தில் மாமா நின்றிருந்தார். இவர் படி ஏறாமல் மழையிலேயே நின்றுகொண்டு, "சகலை, அந்த ரூமு வேணும்" என்றார். அந்த நாலு வார்த்தையைச் சொல்ல அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மாமாவின் முகம் மாறியது. அப்புறம் சொன்னார்: "இப்பதான் சகலை விட்டுட்டேன். சும்மா பூட்டிக் கெடக்குதே, கேக்கறவங்களுக்குக் குடுத்துடலாமான்னு இங்க ரூம் பாத்துக்கறவங்க மத்தியானம் வந்து கேட்டாங்க. சரின்னுட்டேன்."

கொட்டகை வாசலிலிருந்து திரும்பிப் போன மனக்கஷ்டத்தில் அக்காவிடம் சாவியை வாங்கிக் கொடுத்துவிட்டிருக்கிறார். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ ஒரு பண்ணையார் வீட்டுக்காரர்கள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா போய் அவர்களிடம் கேட்டார். இந்த மழையில் நாங்கள் எங்கே போவது என்று அவர்களும் கேட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

அக்கா வெளியே வந்து என் மகளை இவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை. என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவர்களுடைய அறையில் இருந்தது இரண்டு கட்டில். பிள்ளைகளை ஒன்றில் படுக்கவைத்து, என் மகளைத் தலைப்பக்கம் உயர்த்தி உட்காரவைத்து, நெஞ்சில் தைலம் தேய்த்தோம். வெந்நீருக்கு மாமா சமையல்கட்டுக்கு ஓடினார். சொம்பை வாசலில் இவரிடம் கொடுத்தார், இவர் எங்களிடம் கொடுத்தார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் தாழ்வாரத்திலேயே இருந்துவிட்டார்கள்.

நாங்கள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே அறை, சாத்திய கதவு, அக்காவும் நானும் ஒரே கட்டிலில். எத்தனை வருஷத்துப் பேச்சு இருந்தது. அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று, அப்போது பக்கத்தில் இருந்த அவளிடம் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது ஒருவர் தொண்டையைச் செருமினால்கூட உள்ளே கேட்டது. எங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனாலும் அது அவர்களில் ஒருவர் பக்கம் சாய்ந்துவிடும் என்று பயமாக இருந்தது. பிள்ளையின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம். விடியும்போது அவளுக்குக் கொஞ்சம் தணிந்தது.

காலையில் கார்னிவலை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். ராட்டினத்தின் கால்கள் மண்ணில் இறங்கிச் சாய்ந்திருந்தன. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சீட்டுக் கொடுத்த இடத்தில் பலர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் கடைசி அறையை வாங்கிய குடும்பமும் அங்கே நின்றது. கீற்று பிய்ந்து அவர்களும் எங்களைப்போலவே நனைந்திருந்தார்கள்.

ஸ்டேஷன் வரைக்கும் எல்லாரும் சேர்ந்தே நடந்தோம். மாமா என் மகளைத் தூக்கிக்கொண்டார். இவர் தடுக்கவில்லை. ரயில் வந்ததும் இறக்கிவிட்டு, போயிட்டு வரேன் சகலை என்றார். இவரும் போயிட்டு வாங்க என்று மரியாதையாகச் சொன்னார். அதுவரை அவரை வா போ என்று பேசியவர். அன்றைக்குப் பிறகு கடைசிவரை அந்த 'ங்க' போகவே இல்லை. விசேஷங்களில் பார்த்துக்கொள்வார்கள், வெற்றிலைத் தட்டை நகர்த்திக் கொடுப்பார்கள். தோளில் கை போட்டு நான் மறுபடி பார்க்கவில்லை. அக்காவும் நானும் திரும்பக் கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கே போனோம். அம்மாவின் கடைசி வார்த்தையை நான் கேட்டது ரொம்ப வருஷம் கழித்து. அதற்குள் அவளுக்கே சரியாக நினைவில்லை.

பெரம்பலூர் பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கினாள். இவர் சன்னல் ஓரமாக உட்கார்ந்து ஈர வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாதி தூரம் வந்த பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"அந்த ரூமு உள்ள எப்படி இருந்துச்சு?"

அவர் அக்கா அறையின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நன்றாக இருந்தது என்று சொன்னால் வருத்தப்படுவார். ஒன்றுமில்லை என்றால் நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்வார்.

"சின்ன ரூமுதாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முன்னால் மேடு வந்தது. கண்டக்டர் ஆண்கள் எல்லாரும் இறங்குங்கள் என்று குரல் கொடுத்தார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸைத் தள்ள இறங்கிப் போனார்.